சிவப்புக் கோடு போட்ட டம்ளர்

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

மாப்பிள்ளை, பிள்ளைகள், பேத்தி எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிவிட்டு, அடித்துவிட்டேன். அடித்ததைப் பார்த்துப் பதறாதே. பதறாமல் படிக்க வசதியாக, சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தியிருக்கிறேன்:

1. வெள்ளிக்கிழமை நான் உன் வீட்டோடு தங்க வரவில்லை.
2. எனக்கு என்ன வந்திருக்கிறது.
3. அது எங்கிருந்து வந்தது.
4. உனக்கு இதில் பயமே இல்லை.

முதல் குறிப்புக்குக் காரணம் இரண்டாவதில் வரும். மாடி அறைக்கு வெள்ளையடித்து, கட்டில்கூடப் போட்டுவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு. இல்லை, வேண்டாம், கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இரண்டாவது. என் அறைக்கு எதிரே வீடில்லாதவர்கள் தங்கும் விடுதி இருக்கிறதல்லவா, பதிவேட்டு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் எழுதிய கை சும்மா இருக்காமல் பகலில் அங்கே போய் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன், போன மாதம் ஒரு நர்ஸ் அம்மா ரத்தப் பரிசோதனைக்கு வந்து, கல்லீரலைக் கெடுக்கும் கிருமி ஒன்று இருக்கிறது, ஹெபடைடிஸ் சி என்று பெயர், தெருவில் படுக்கிறவர்கள், ஊசியில் போதை ஏற்றுகிறவர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள் நடுவில் இது மிக அதிகம், பல வருடம் வெளியே தெரியாமலே இருக்கும் என்று சொன்னார். மறுநாள் முதல் சொந்த நாற்காலி, சொந்தப் பேனா, சொந்த டம்ளர் கொண்டுபோனேன். டம்ளரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடும் போட்டேன்.

அங்கே பழைய பேப்பர் பொறுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். வாய் ஓயாததால் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். "என்ன சார், டம்ளருக்குப் பொட்டு வச்சிருக்கீங்க, கல்யாணமா?" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு.

நர்ஸ் மறுபடி ரத்தம் எடுக்க வந்த நாளில் யாரும் கை நீட்டவில்லை. "ஐயா, நீங்க முதல்ல குடுங்க, உங்களப் பாத்து மத்தவங்க வருவாங்க" என்றார் நர்ஸ். வரிசையில் மற்றவர்களுக்கு வழிவிடுவது என் சுபாவம் என்று உனக்குத் தெரியும். எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில், ஐம்பத்தெட்டாவது ஆளாகக் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினேன். பத்து நாளில் முடிவு வந்தது. பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ஐம்பத்தெட்டில் பத்துப் பேருக்குக் கிருமி, ஏறக்குறைய ஆறில் ஒருவர். மனசுக்குள் வகுத்துப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று பட்டியலைக் கீழே வரை படித்தேன். கடைசி நம்பர் ஐம்பத்தெட்டு.

அந்த நிமிடத்தில் நான் முதலில் செய்த காரியம் டம்ளரை ஒளித்து வைத்ததுதான். அவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றப் போட்ட கோடு, இப்போது என்னிடமிருந்து அவர்களைக் காப்பாற்றும் கோடாகிவிட்டது. நான் ஒளித்ததைப் பார்த்துவிட்ட ரேடியோ அதைத் தேடி எடுத்து, தண்ணீர் மொண்டு, என் முன்னாலேயே குடித்தாள். "தொடாதேம்மா!" என்று கத்தினேன். "அட, எச்சில்ல ஒட்டாது சார், ரத்தத்துலதான். எனக்கும் இருந்துச்சு, மூணு மாசம் மாத்திரை தின்னேன், போயிருச்சு. அதுக்கப்புறம் பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு" என்றாள். அவள் சொன்னது சரி என்று நர்ஸும் சொன்னார். ஆனாலும் உன் பேத்தி என் மடியில் ஏறி மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குகிற பிள்ளை. அதனால்தான் முதல் குறிப்பு.

மூன்றாவது. எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். விடுதி வாசலில் சவரம் செய்பவர் ஒரே பிளேடில் பலருக்கும் வழிக்கிறார், அவர்மேல்தான் முதல் சந்தேகம், ஆனால் நான் அவரிடம் உட்கார்ந்ததே இல்லை. டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, "ஈரல்ல தழும்பு இருக்கு பெரியவரே, இது இப்ப வந்ததில்ல. பல வருஷமா உள்ள குடியிருந்திருக்கு" என்றார். ரத்தம் ஏற்றினார்களா, ஆபரேஷன் உண்டா, பச்சை குத்தினீர்களா, பழைய ஊசி ஏதாவது போட்டார்களா என்று பதினொரு கேள்வி. பதினொன்றுக்கும் இல்லை என்றேன். ஊசி என்றால் எனக்குள்ள பயம் உனக்குத் தெரியாததா! எனவே மூன்றாவது குறிப்புக்கு நேரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். விடுதி ஆட்களை அவ்வளவு நாள் மனதுக்குள் சந்தேகப்பட்டதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை.

நான்காவது. நீ சுத்தமான வீட்டில், சுத்தமான மனிதர்களோடு வாழ்கிறவள். இந்தக் கிருமிக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிம்மதியாக இரு. மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பேத்திக்கு ஆயிரம் ஆசி, தூரத்திலிருந்தே.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்ட உட்கார்ந்தபோது சட்டைக்கையைத் தோள்வரை மடித்தேன். இடது தோளில் அந்தச் சின்னத் தழும்பு. பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசி, நினைவிருக்கிறதா? கம்பவுண்டர் ஒரே ஊசியைப் பஞ்சில் துடைத்துத் துடைத்து முழு வரிசைக்கும் போட்டார். எனக்கு வயது ஒன்பது, உனக்கு ஆறு. நீ என் பின்னால் நின்றிருந்தாய். "தங்கச்சி முதல்ல" என்று உன்னை முன்னால் தள்ளினேன். வாத்தியார் என் அன்பை வகுப்பில் பாராட்டினார். அது அன்பு இல்லை, பயம். அறுபத்து மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு முன்னால் நின்றவர்களுக்குக் குத்திய ஊசிதான் முதலில் உனக்கு, அப்புறம் எனக்கு.

ஆகவே கட்டிலை யாருக்கும் கொடுக்காதே. வெள்ளிக்கிழமை வருகிறேன். சனிக்கிழமை நாம் இருவரும் பரிசோதனை நிலையத்துக்குப் போகிறோம். எனக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதையும் அங்கேயே கொடுத்துவிடுகிறேன். இந்த முறை நான் முன்னால் நிற்கிறேன், நீ என் கையை மட்டும் பிடித்துக்கொள். நான்காவது குறிப்பு தவறு.