அணைத்த பிறகும் அறுக்கும் விளக்கு

கண்ணுக்குத் தெரியாத ஆராய்ச்சிகளுக்கு இனி ஆதரவு கிடையாது என்று எங்கள் நிறுவனத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த ஆண்டுக்கு மேலிடம் "தெரியும் ஆராய்ச்சி ஆண்டு" என்று பெயர் சூட்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு "பசுமைச் சிந்தனை ஆண்டு". அப்போது எல்லா நாற்காலிகளுக்கும் பச்சை உறை போட்டோம். சிந்தனைக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். சுற்றறிக்கைகளை அறை அறையாக அனுப்புவதும், வரும் பதில்களைப் படிக்காமல் கோப்பில் சேர்ப்பதும் என் பணி. இருபத்தாறு ஆண்டுகளாக ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி செய்து வருகிறேன்.

பதினான்காம் அறையில் ஓர் இயற்பியல் அம்மையார் இருந்தார். தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழைக்குள் லேசர் ஒளியைப் பெருக்கி, அதைக்கொண்டு இரும்பை அறுப்பது அவருடைய துறை. ஒளியின் பலம் ஓர் அளவைத் தாண்டினால் இழை சூடாகி, கற்றை நின்ற இடத்தில் நிற்காமல் ஆட ஆரம்பித்துவிடுமாம். ஆடுகிற கத்தியை வைத்துக்கொண்டு எதை அறுப்பது? அந்த ஆட்டத்தை நிறுத்துவதற்காக அம்மையார் பத்தொன்பது ஆண்டுகளைச் செலவழித்திருந்தார். இழையை எவ்வளவு பெரிய வளையமாகச் சுற்றுவது, குளிர்நீரை எந்த வேகத்தில் ஓட்டுவது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் கணவர் பல் மருத்துவர். சாயங்காலம் தவறாமல் போன் செய்து, "ஆட்டம் நின்னுச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்லைங்க" என்பார் இவர். "எங்கிட்ட வந்திருந்தா எப்பவோ பிடுங்கிப் போட்டிருப்பேன்" என்பார் அவர்.

அந்த ஆண்டுதான் ஆட்டம் நின்றது. இரண்டாயிரம் வாட்டில் கற்றை அசையாமல் நின்றது. இனி நூறு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டிக் காட்டிவிட்டால் உலகம் ஒப்புக்கொள்ளும். காட்டாவிட்டால், அறையைக் காலி செய்து, வருகிறவர்கள் படம் பிடித்துக்கொள்ளும் மூலையாக மாற்றுவது என்று இயக்குநர் தீர்மானித்திருந்தார். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டுவதற்கான பிளாஸ்டிக் சிறகுகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன.

இந்த நிலையில்தான் மதிப்பீட்டுக் குழு வந்தது. ஐந்து பேர். குழுத் தலைவர் அறிவியலுக்குப் புதியவர் அல்லர். அவருடைய மைத்துனர் வீட்டில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. ஐவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து முதலில் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கால் மணி ஆயிற்று. பிறகு அம்மையார் இயந்திரத்தை இயக்கினார். இரும்புத் தகட்டின் மேல் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. புள்ளி நகர்ந்தது, பொறி பறந்தது, தகடு இரண்டாயிற்று.

"அபாரம்! இந்தச் சிவப்பு வெளிச்சம் என்னமா அறுக்குது!" என்றார் தலைவர்.

"அறுக்கிறது அது இல்லை சார். எங்க அறுக்கப் போறோம்னு காட்டுற வழிகாட்டி விளக்கு அது. அதால ஒரு காகிதத்தைக்கூடச் சுட முடியாது. அறுக்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது."

"யார் கண்ணுக்கு?"

"மனுஷங்க யார் கண்ணுக்கும் தெரியாது சார். அளக்கிற கருவிக்குத்தான் தெரியும். இங்க பாருங்க, ரெண்டாயிரம் வாட்."

"இது நம்பர். நம்பர் எங்க ஆபீஸ்லயும் நிறைய இருக்கு." தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வருஷா வருஷம் இருப்பு சரிபார்க்கிறீங்களே, இவங்க சொல்ற ஒளியைப் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்பது உண்மை. "இல்லைங்க சார்" என்றேன். உண்மை பேசியதற்காக என் பணிப் பதிவேட்டில் அன்றே ஒரு பாராட்டு ஏறியது.

அறிக்கை ஒரே வாரத்தில் வந்தது. "செவ்வொளி: நேரில் காணப்பட்டது, செயல்திறன் மிக நன்று. மற்றோர் ஒளி: உள்ளதாகக் கூறப்படுகிறது, காணப்படவில்லை. காணப்படாத பொருளுக்கு மின்சாரம் வழங்குவது நடைமுறைக்குப் புறம்பானது."

அம்மையார் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார். நானும் கோப்போடு பின்னால் போனேன்.

"ஏன் மேடம் கோபப்படுறீங்க? மிக நன்றுன்னுதானே எழுதியிருக்காங்க" என்றார் இயக்குநர்.

"வேலை செய்யாததை நன்றுன்னு எழுதியிருக்காங்க சார். வேலை செய்யறதுக்குக் கரண்டை நிறுத்தச் சொல்றாங்க. இன்னொரு தடவை வரச் சொல்லுங்க. ரெண்டையும் தனித்தனியா ஓட்டிக் காட்டுறேன்."

குழு மறுபடி வந்தது. மறுபடி படம் எடுத்துக்கொண்டது. முதலில் அம்மையார் சிவப்பு விளக்கை மட்டும் போட்டார். கால் மணி நேரம் புள்ளி அசையாமல் நின்றது. தகட்டைத் தொட்டுப் பார்த்தார் தலைவர், சூடுகூட இல்லை. அடுத்து, அம்மையார் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சிவப்பை அணைத்துவிட்டு மற்றதை இயக்கினார். வெளிச்சம் என்று எதுவும் தெரியவில்லை. தகடு மட்டும் பொறி பறக்க இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"இப்பத் தெரியுதா சார்?" என்று கேட்டார் அம்மையார். பத்தொன்பது வருடத்துப் பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"நல்லாத் தெரியுது" என்றார் தலைவர். "இந்தச் சிவப்பு விளக்கு அணைச்ச பிறகும் அறுக்குது."

"அணைஞ்ச விளக்கு எப்படி சார் அறுக்கும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

குழுவில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. "எரிஞ்சுக்கிட்டிருந்தப்ப ஏன் சார் அறுக்கலை?" என்றார்.

"நாம அஞ்சு பேரும் பக்கத்துல நின்னு முறைச்சுக்கிட்டிருந்தோமே. மேலதிகாரி வந்து நின்னா உங்க ஆபீஸ்ல வேலை ஓடுமா?"

கேட்டவர் முப்பது வருட அனுபவசாலி. உடனே ஒப்புக்கொண்டார்.

அணைத்தாலும் அறுக்கிறது என்று குழு அங்கேயே எழுதிக் கொடுத்தது. மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும் இயந்திரத்துக்கு மின்சாரம் எதற்கு என்ற நியாயமான கேள்வி மேலிடத்தில் எழுந்தது. ஆணை எழுதிக் கையெழுத்தாகி வர ஐந்து நாளாவது பிடிக்கும் என்று கணக்குப் போட்ட அம்மையார், அன்று மாலையே நூறு மணி நேர ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். அவருக்குத் துணை, இழைகளை உருக்கி ஒட்டுகிற தொழில்நுட்பர் ஒருவர்தான். இருவரும் முறை வைத்துக் கண்விழித்து, மணிக்கு ஒரு வரியாகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். ஆனால் கெடுக்கிற ஆணைகள் மட்டும் எங்கள் அலுவலகத்தில் தாமதமானதே இல்லை. அறுபத்தோராம் மணியில் எலக்ட்ரீஷியன் வந்து நின்றார்.

"லைனைப் பிரிக்கச் சொல்லி ஆர்டர் மேடம்."

"இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம்தாங்க. கொஞ்சம்கூட ஆடலை, நீங்களே வந்து பாருங்க."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். "எனக்குப் புரியுது மேடம். ஆர்டர்ல அப்படி இல்லையே."

அம்மையார் இயக்குநருக்குப் போன் செய்தார். "அணைச்சாலும் ஓடும்னு குழுவே எழுதிக் குடுத்திருக்கு. இப்ப நீங்க கரண்டு கேட்டா, குழு மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தமாயிடும் மேடம்" என்று அவர் வைத்துவிட்டார். எலக்ட்ரீஷியன் சுவிட்சை இறக்கினார். குளிர்நீர்க் குழாயின் இரைச்சல் அடங்கியது. அம்மையார் அந்த இழை வளையத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் வயிற்றெரிச்சலுக்கு விடுப்பு விதி இல்லாததால் மேசைக்குத் திரும்பினேன்.

இயந்திரம் ஓடுவதாக ஆணை இருப்பதால் பதிவேடும் ஓட வேண்டும் என்றார் இயக்குநர். மீதி முப்பத்தொன்பது வரிகளையும் நானே எழுதினேன். "நிலையாக இயங்குகிறது" என்று ஒவ்வொன்றிலும் தெளிவான கையெழுத்தில் எழுதி, அம்மையாரிடம் கொண்டுபோனேன்.

"அறுபத்தொண்ணுதான் ஓடிச்சு. அதைத்தான் எழுதுவேன்" என்றார்.

"தாராளமா எழுதுங்க மேடம். ஆனா நூறு வரலைன்னா அறை போயிடும். இவருக்கும் வேலை போயிடும்."

தொழில்நுட்பர் அந்தப் பக்கம், உயிரில்லாத இயந்திரத்தின் இழை முனையில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மையார் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நூறு மணி நேரச் செய்தி இயக்குநர் படத்தோடு எங்கும் வந்தது. வேறு ஊர்களிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அறைக்குள் நுழைந்ததும் குழாயில் தண்ணீர் ஓடவில்லை என்பதைப் பார்த்துவிட்டார்கள். இத்தனை நாள் கழித்து யாராவது கேட்பார்கள் என்று அம்மையார் வாசலிலேயே காத்து நின்றார். அவர்கள் கேட்டார்கள்: மின்சாரத்தை நிறுத்திய ஆணையின் நகல் கிடைக்குமா என்று. ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் ஒரு நிறுவனம் நூற்றைம்பது மணி நேரம் ஓட்டிவிட்டதாக அறிவித்தது. இன்னொன்று இருநூற்றுப் பத்து என்றது.

மதிப்பீட்டுக் குழு மூன்றாம் முறை வந்தது. "ஊரெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. நீங்க இன்னும் நூறுலயே நிக்கிறீங்களே மேடம்" என்று தலைவர் வருத்தப்பட்டார். இயக்குநர் சிறகுகளைத் தூசி தட்டச் சொன்னார்.

மறுநாள் காலையில் அம்மையார் என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"பதிவேட்டை எடுங்க" என்றார். "முன்னூறுன்னு போடுங்க."

பேனாவைத் திறந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார்.

"வேண்டாம். முன்னூறை இந்நேரம் யாராவது போட்டிருப்பாங்க. நானூறு போடுங்க."

போட்டேன். அவர் கையெழுத்திட்டார். கீழே, நேரில் கண்ட சாட்சி என்ற இடத்தில் நானும் கையெழுத்திட்டேன்.