வண்டி பம்போடு ஒட்டிக்கொண்ட விவரம்

என் உடன்பிறந்த தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நான் திட்டி முடிக்கிற வரைக்குமாவது அது தேவைப்படும். உன் அத்தானும் நானும் இங்கே நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீசல் வாடகை வண்டியைக் கொடுத்துவிட்டு, உன் கம்பெனி ஹைட்ரஜன் வண்டியை உன் அத்தான் வாங்கியது யார் பேச்சை நம்பி? கூடத்தில் வரைபடத்தை விரித்துப் போட்டு, "ஆசியாவே இதுக்கு மாறுதுக்கா! பாரு, பச்சைப் புள்ளி எல்லாம் பங்க்" என்று விரல் வைத்து வைத்துக் காட்டினாய். நீ போன பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நம் ஊரைச் சுற்றியிருக்கிற புள்ளிகளில் திறந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கீழே பொடி எழுத்தில் 'விரைவில்'. அந்த ஒன்றும் ஊருக்கு மறுகோடியில். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், எனக்குத் தெரியாதா, அங்கே போய்த் திரும்புவதற்குள் நிரப்பியதில் எவ்வளவு தீர்கிறது என்று? சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். சிறுநீரக நோயாளிகளை ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஒப்பந்தம்தான் நமக்குச் சோறு. "இன்னொரு தடவை லேட்டானா வேற வண்டி பார்த்துக்குவோம்" என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏன்தான் தாமதமாகிறது என்று கண்ணால் பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். பின் சீட்டில் நோயாளி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வரிசையில் காத்துக்கிடந்து, முறை வந்து, வாயு நிரம்பியும்விட்டது. குழாயைக் கழற்றினால் வரவில்லை! முனையில் உறைபனி பிடித்து வண்டியோடு ஒட்டிக்கொண்டது. பம்புக்காரர் ஆட்டுகிறார், உன் அத்தான் இழுக்கிறார், பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து மேலாளர் போன். "எங்கய்யா இருக்கே?" "பம்புல ஒட்டிக்கிட்டு நிக்கிறேன் சார்." "நீயா?" "வண்டி சார்!" தலைமையாசிரியர் என்னிடம், "பரவாயில்லம்மா. போன வாரம் லேட்டு, இந்த வாரம் ஒட்டிக்கிச்சு, அடுத்த வாரம் நான் இருந்தா பார்த்துக்கலாம்" என்கிறார். கண்ணை மூடி, வாய்விட்டுப் பிரார்த்தனை செய்தேன். முடித்துக் கண்ணைத் திறக்கிறேன், குழாய் டொக்கென்று கழன்று வருகிறது.

அதோடு விட்டதா? இப்போது எவன் வண்டி ஒட்டிக்கொண்டாலும் எனக்குப் போன். "அம்மா, ஸ்பீக்கர்ல போட்டுக் குழாய்கிட்ட வெச்சிருக்கேன், அந்தப் பிரார்த்தனையை ஒரு தடவை சொல்லிருங்க." நீ கொடுத்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். பனி தானாக உருகும், இழுக்காமல் சும்மா நில்லுங்கள் என்று அதிலேயே போட்டிருக்கிறது. அதைச் சொன்னால், "என்ன அடக்கம்மா உங்களுக்கு!" என்கிறார்கள். ஆண்டவனைக் குழாய் பிடுங்கவாடா கூப்பிடுவது? இந்தப் பாவமும் உன் தலையில்தான் விடியும்.

வெள்ளிக்கிழமைக்குள் வந்து உன் வண்டியை எடுத்துக்கொண்டு போ. எங்களுடைய டீசல் வண்டியை எங்கிருந்தாலும் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்து. வெறுங்கையோடு வந்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உன் பங்கை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தீராத கோபத்துடன்,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அத்தான் வந்தார். தலைமையாசிரியர் மற்ற நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு மேலாளரிடம் போய், "குலுக்கல் இல்ல, புகை நாத்தம் இல்ல, திரும்பி வர்றப்ப நிம்மதியா தூங்கறோம். லேட்டானாலும் எங்களுக்கு இந்த வண்டிதான்" என்று அடம்பிடித்தாராம். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை வராதே. இன்னொன்று: எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் உன் நம்பர் கேட்கிறார், அவருக்கும் இதே வண்டி வேண்டுமாம். விற்றுத் தொலைத்துவிடாதே, இருப்பது ஒரு பம்பு, வரிசை நீண்டுவிடும். விடாப்பிடியாக நின்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடு.