படத்தில் உள்ள கார்

ஏப்ரல் 14, மிசானோ: 500 யூரோ. திரும்பவில்லை.
மே 5, இமோலா: 500 யூரோ. திரும்பவில்லை.
ஜூன் 9, வல்லெலுங்கா: 500 யூரோ. திரும்பவில்லை.
ஜூலை 14, முஜெல்லோ: இரண்டு முறை, 1,000 யூரோ. திரும்பவில்லை.
அக்டோபர் 27, மோன்சா: 500 யூரோ. திரும்பியது.

முப்பத்தெட்டு வருடமாக இத்தாலியின் கார் பந்தயத் தடங்களில் ரேஸ் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து புகார் வாங்குகிறவன் நான். மேலே உள்ளது ஒரே ஆளின் ஒரு வருடப் பதிவு. அவர் எந்த இனம் என்று சொல்லிவிடுகிறேன்: ரேஸ் அப்பா.

பதினேழு வயதுப் பிள்ளைகள் ஓட்டும் குட்டி ரேஸ் காரில் ஓர் ஆள்தான் உட்கார முடியும். இதை ரேஸ் அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை. காலையில் டயரைத் தொட்டுப் பார்த்து, வானத்தைப் பார்த்து, மெக்கானிக்குகளுக்கு வானத்தைப் பற்றிச் சொல்லி, மகள் ஹெல்மெட் மாட்டிய பிறகும் ஹெல்மெட்டுக்குள் யோசனை சொல்லி, ரேஸ் தொடங்கியதும் கடைசி வளைவின் வேலியோரம் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதற்கு? மகளைப் படம் பிடிக்கவா? இல்லை. மற்றவர்கள் செய்யும் தப்பைப் பிடிக்க.

நான்கு சக்கரமும் தடத்தின் ஓர வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் தப்பு. முடிவுப் பட்டியல் ஒட்டப்பட்ட அரை மணிக்குள் புகார் தரலாம். ஐந்நூறு யூரோ கட்ட வேண்டும். புகார் நின்றால் பணம் திரும்பும், நிற்காவிட்டால் போனதுதான்.

என் பதிவில் இருப்பவர் ஒரெஸ்தே, சஸ்ஸுவோலோவில் தரை ஓடு வியாபாரி. மகள் திலேத்தா. அதே அணியின் இன்னொரு கார் டென்மார்க் பையன் அஸ்கருடையது. இரண்டு காருக்கும் ஒரே பச்சை. "இருட்டுல விட்டாலும் எம் பொண்ணு காரைச் சொல்லிடுவேன், பெரியவரே" என்பார் ஒரெஸ்தே. அஸ்கரின் அப்பா பிரெபன் வருடம் முழுக்க அவரோடு ஒரே கூடாரத்தில், ஒரே மேசையில் தொர்தெல்லினி சாப்பிட்டவர்.

பிள்ளைகள் இருவரில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு அடுத்த வருடம் மேல்வகுப்பு ரேஸில் இடம், அதுவும் அணியின் செலவில். ஒரே ஓர் இடம். மோன்சாவின் கடைசி ரேஸுக்கு முன் திலேத்தா ஐந்து புள்ளி முன்னால் இருந்தாள். அஸ்கர் இரண்டாவதாக வந்தான், பதினெட்டு. அவள் மூன்றாவது, பதினைந்து. இரண்டு புள்ளியில் இடம் அவளுக்கு. முடிந்தது, இல்லையா?

ரேஸ் அப்பாவுக்கு எதுவுமே முடிவதில்லை. இருபத்திரண்டாவது நிமிடம் ஜன்னலில் ஒரெஸ்தே.

"பெரியவரே, ஃபாரம் குடுங்க."

"உங்க பொண்ணுதான் ஜெயிச்சாச்சே, ஒரெஸ்தே."

"ரெண்டு புள்ளியெல்லாம் ஒரு வித்தியாசமா? யாராவது நம்ம மேல புகார் குடுத்துட்டா? நாம முந்திக்கணும்." போனைக் காட்டினார். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. ஒரு பச்சைக் கார் கடைசி வளைவில் கோட்டைத் தாண்டிப் புழுதி கிளப்பியது மட்டும் தெரிந்தது. "பாருங்க, நாலு சக்கரமும்!"

"எந்த நம்பர்னு எழுதுங்க."

பேனாவை எடுத்தார். அப்போது முதுகுக்குப் பின்னால் குரல்: "ஒரெஸ்தே! இங்கதான் இருக்கியா? உனக்குக் காபி வாங்கிட்டு வந்தேன். சர்க்கரை ரெண்டு, சரிதானே?" பிரெபன், இரு கையிலும் கோப்பையோடு.

ஒரெஸ்தேயின் காது சிவந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு, எண் எழுத வேண்டிய இடத்தில் 'படத்தில் உள்ள கார்' என்று எழுதினார்.

"நம்பர் வேணுமே" என்றேன் மறுபடி.

"படம் பேசும், பெரியவரே" என்றார், மெதுவாக.

படம் பேசியது. நடுவர்கள் அதைப் பெரிய திரையில் போட்டு, நிறுத்தி, நகர்த்தி, மறுபடி நிறுத்திப் பார்த்தார்கள். இவ்வளவு தெளிவான சாட்சி இதுவரை வந்ததில்லை என்று தலைமை நடுவர் பாராட்டினார். புகார் நின்றது. படத்தில் உள்ள கார் திலேத்தாவுடையது. ஐந்து விநாடி தண்டனை, மூன்றிலிருந்து ஏழாம் இடம், ஆறு புள்ளி. அடுத்த வருட இடம் அஸ்கருக்கு, ஏழு புள்ளி வித்தியாசத்தில்.

ஐந்நூறு யூரோவை எண்ணி ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் வாங்கவில்லை. விதிப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றேன்.

திலேத்தா வந்தாள், ஹெல்மெட் கையில். கண் சிவந்திருந்தது.

"இருட்டுல கண்டுபிடிப்பேன்னியே, அப்பா. பகல்லதானா முடியாது?"

"வெயில்ல... கண்ணு கூசிச்சும்மா."

"நான் வெளியே போனது நிஜம்தான்" என்றாள் அவள். "உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டே வந்தேன்." பிறகு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. பிரெபன் இன்னொரு காபி வாங்கப் போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் பிள்ளை தொண்ணூற்றெட்டு வாங்கிய அன்று, மீதி இரண்டு எங்கே என்று கேட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்றும் விசாரித்து, விடைத்தாளைத் திரும்பத் திருத்தச் சொல்லி எழுதிப்போட்டவர் யார்? மறுதிருத்தத்தில் மதிப்பெண் குறையவும் செய்யும். உங்கள் பெயரில் ஒரு பக்கம் என் பதிவேட்டில் காலியாக இருக்கிறது.

ஒரெஸ்தேயின் பக்கத்தில் கடைசியாக ஒரு கடிதம். மோன்சாவின் கடைசி வளைவில் கோடு பார்க்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்யத் தயார், கார்களில் நம்பரை மட்டும் இன்னும் பெரிதாக எழுத ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறார். கீழே வேறு மையில் திலேத்தாவின் கையெழுத்து: "சேர்த்துக்கொள்ளுங்கள். என்னையே விடாதவர்." வந்து சேர்ந்த தேதி: நவம்பர் 19.