வீல் பாயும் போலீஸ் பூட்டும்

மதுரையில் எவனும் எதையும் திருடலாம். வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வீல் பாயின் காரிலிருந்து ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியாது. அந்த மனுஷன் யாரையும் நம்ப மாட்டார். பூட்டுகளைச் சுத்தமாக நம்ப மாட்டார். காரணம், ஆயுசு பூராவும் டவுனில் பூட்டுக்கடை வைத்திருந்தவர்.

"நல்ல பூட்டா ஒண்ணு மாட்ட வேண்டியதுதானே பாய்?" என்று கேட்டேன்.

"மாப்ள, அம்புட்டையும் வித்தவன் நானு. எது எந்தக் கொண்டை ஊசிக்குத் தொறக்கும்னு எனக்குத் தெரியாதா?"

இந்தக் கிறுக்கு சும்மா பிடிக்கவில்லை. அவர் மனைவியை, தெருவே பாயம்மா என்று கூப்பிடும் அந்த அம்மாவை, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். அதற்காகவே பழைய கார் ஒன்றை வாங்கினார். ஒரு ஆஸ்பத்திரி நாள் காலையில் வெளியே வந்து பார்த்தால், முன் சக்கரம் இரண்டையும் காணோம். கார் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாய் சக்கரம் தேடி ஊரெல்லாம் ஓடினார். அந்தப் பதற்றத்தில், ஆட்டோ என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. டயாலிசிஸ் தவறி, மூச்சு வாங்கி, பாயம்மா ஐசியூ வரை போய்த் திரும்பினார். அன்றிலிருந்து பாய்க்கு அந்த நாலு சக்கரமும்தான் பாயம்மாவின் உயிர்; தெருவுக்கு அவர் வீல் பாய்.

முதலில் காரைக் கரண்ட் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார். லைன்மேன் வந்து சத்தம் போட்டதும், என்னிடம் கேட்காமலே எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு மாற்றினார். ஒரு நாள் அவிழ்க்க மறந்து காரை எடுத்துவிட்டார். "ஏங்க, நம்ம ஜன்னல் போகுதுங்க!" என்று என் மனைவி கத்தினாள். ஓடிப் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அதைவிடக் கூத்து. பாயம்மா உள்ளே தனியாகப் படுத்திருப்பார். பாய் வெளியே காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பார்.

"உள்ள போயி அவங்ககூட இருங்க பாய்."

"உள்ள டாக்டர் இருக்காக, நர்ஸ் இருக்காக. வெளிய வீலுக்கு யாரு இருக்கா?"

இப்படி இருக்கும்போதுதான் தல்லாகுளத்தில் ஒரு சோலியாகப் போய், நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்தினார். டிராஃபிக் போலீஸ் முன் சக்கரத்தில் பெரிய இரும்புப் பூட்டை மாட்டிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைப்பார்கள். பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"மாஷா அல்லா! பூட்டுன்னா இதுல்ல பூட்டு!"

அபராதத்தைக் கட்டியவர், கழற்ற வந்த ஏட்டய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரமில்ல ஏட்டய்யா. சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்."

"யோவ் பாய், இது தண்டனைய்யா!"

"நீங்க அப்படி நெனைக்கிறீக. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது."

அதற்குப் பிறகு எங்கே போனாலும் 'நோ பார்க்கிங்' பலகையைத் தேடித்தான் நிறுத்துவார். போலீஸ் வரத் தாமதமானால் அவரே போன் போடுவார்: "சார், வெள்ளைக் கார் ஒண்ணு ரொம்ப எடைஞ்சலா நிக்கிது. வந்து பூட்டுங்க சார்." ஏட்டய்யாவுக்கு அவர் குரல் மனப்பாடமே ஆகிவிட்டது.

கொட்டாம்பட்டியில் ஒரு கல்யாணம். காரைத் தல்லாகுளத்தில் போலீஸ் பூட்டுக்கு ஒப்படைத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். "மண்டபத்து வாசல்ல ஊரே கூடும். வீலுக்கு யாரு பொறுப்பு?" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரி நாள். காலையிலேயே தல்லாகுளம் போனோம். கார் இருந்தது, நாலு சக்கரமும் இருந்தன, பூட்டும் இருந்தது. சாவி இல்லை. யாரோ மந்திரி வருகிறார் என்று ஏட்டய்யா சாவியும் பையுமாகப் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். எங்கே? கொட்டாம்பட்டிக்கு!

பாய் ரோட்டிலேயே உட்கார்ந்து கம்பி, ஊசி என்று கிடைத்ததையெல்லாம் விட்டு நெம்பினார். பூட்டு அசைவேனா என்றது. கடைசியில் நெற்றியைச் சக்கரத்தில் முட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

"மாப்ள, போன தடவ மாதிரியே ஆயிருச்சேடா. நானே அவளக் கொன்னுருவேன் போலருக்கே!"

அப்போதுதான் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் பாயம்மா.

"ஏங்க, இன்னுமா அந்தப் பூட்டோட மல்லுக்கட்டுறீக? நான் ஆட்டோவுல ஏறிட்டேன். காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வருது. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாயம்மாவுக்கு ஊசி குத்தி, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாய் பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் திரும்பினார். அங்கே காவல் காக்கக் கார் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"உக்காருங்க," என்றார் பாயம்மா. "இத்தன நாளும் மேல ஓடுற ஃபேனைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வீலு போனா வாங்கிக்கலாம். எனக்குப் பக்கத்துல நீங்க இருந்தாப் போதும்."

பாய் உட்கார்ந்தார். முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி நாளில் அவர் உள்ளேதான் இருக்கிறார். ஆனாலும் அரைமணிக்கொரு தரம் கண் ஜன்னல் பக்கம் போகிறதாம், பாயம்மாதான் சொன்னார். அதனால் வாரத்தில் இரண்டு நாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, நாலு சக்கரத்துக்கும் நான் காவல் நிற்கிறேன். எந்தப் பயலாவது கிட்ட வரட்டும், பார்க்கலாம்.