போர்தோவும் பரோலோவும் நாலு படிக்கமும்

சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு பூரணமாக அமலில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம், கொடைக்கானலில் இரண்டு சிவப்பு ஒயின்களில் எது ருசி என்று கண்டறிய ஒரு குழு அமைக்கப்பட்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. குடிக்கப் பெர்மிட் உள்ள வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காகப் புது மாளிகை கட்டியாயிற்று. பிரான்ஸ் தேசத்துப் போர்தோ, இத்தாலி தேசத்துப் பரோலோ, இந்த இரண்டு கனத்த ஒயின்களில் ஒன்றை வாங்கலாம் என்று மேலிடம் உத்தரவும் போட்டுவிட்டது. எதை என்று மட்டும் சொல்லவில்லை. குழுவில் உட்கார ஒரே தகுதி, வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொட்டிருக்கக் கூடாது.

அப்படிப்பட்ட உத்தமர்கள் நால்வர் கிடைத்தார்கள். தலைவர், மாளிகையின் தனி அதிகாரி சுவாமிநாதன். அடுத்தவர் ரோடு இன்ஜினீயர் ஞானவேல். மூன்றாமவர் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் குழந்தைவேல். இவர் வாயை ஊதச் சொன்னால் கீழ்மலையில் மோர் குடித்தவனும் நடுங்குவான். நாலாவது, குமாஸ்தா தண்டாயுதபாணி.

தண்டாயுதபாணி பழனிக்காரர். கல்யாணமாகி வெகு காலம் கழித்து, அவர் மனைவி சுந்தராம்பாளுக்கு அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். கழுத்தில் மாலை, வெங்காயம் பூண்டு கூடத் தொடாத விரதம். ஒரு சொட்டு ஒயின் தொண்டையில் இறங்கினாலும் காவடி போச்சு. நான் எழுதிக்கொள்கிறேன், ருசி நீங்கள் பாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். குழு என்றால் எல்லாரும் ருசித்தாக வேண்டும், வேலை முடிந்தால்தான் லீவு என்று தலைவர் சொல்லிவிட்டார்.

குடிக்காமல் ருசிப்பது எப்படி? அதற்கும் தலைவர் வழி வைத்திருந்தார். ஐரோப்பாவில் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்களாம். ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருக்கிறார். துப்பினால் குடித்ததாகாது என்று இன்ஸ்பெக்டரும் ஒப்புக்கொண்டார்.

"ஆனா உள்ள போனது வெளிய வரணும்ங்க. வராதது குடிச்சதாத்தான் கணக்கு" என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அவுன்ஸ் கிளாஸ் வரவழைத்தார். நாயுடுபுரத்துப் பாத்திரக் கடையிலிருந்து ஆளுக்கொரு பித்தளைப் படிக்கம் வந்தது. வெற்றிலை துப்புகிற அதே படிக்கம்தான், புதுசு.

தலைவர் இரவல் கோட்டும் டையும் அணிந்து வந்தார். டை இல்லாமல் ஐரோப்பிய ருசி தெரியாது என்பது அவர் கட்சி. முதலில் போர்தோவைக் கண்ணை மூடிக் கொப்பளித்தார். நாவல்பழம் போலக் கறுத்த ருசி, பின்னாலேயே பென்சில் சீவிய வாசனை என்றார். ஆபீஸ் பென்சில் எல்லாம் எங்கே போகிறது என்று இப்போது புரிகிறது என்றார் இன்ஸ்பெக்டர்.

பரோலோ நிறத்தில் வெளிறிச் சாதுவாக இருந்தது. வாய்க்குள் போனதும் கடுக்காய் கடித்தாற்போல ஈறைப் பிடித்து இழுத்தது. ரோஜா மணத்தது, அதன் அடியில் ரோடு போடும் தார் மணத்தது. மன்னவனூர் ரோட்டுக்கு வாங்கிய தார் என்ன ஆயிற்று என்று மேலிடம் விளக்கம் கேட்டிருந்த நேரம் அது. ஞானவேலின் முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தாலிக்காரன் கொண்டு போயிட்டான்னு எழுதிக்கங்க, தண்டாயுதபாணி" என்றார்.

ஒரே வாயில் முடிவு சொல்வது பொறுப்பில்லாத செயல் அல்லவா? ஆகவே பாட்டில்களின் அடி தெரியும்வரை ருசித்தார்கள். தண்டாயுதபாணி மட்டும் நாக்கில் படுமுன்னே துப்பினார். பிறகும் பயம் போகாமல், முருகனை நினைத்து நினைத்துத் துப்பிக்கொண்டே இருந்தார்.

பிறகு இன்ஸ்பெக்டர் அளந்தார். தலைவரின் படிக்கம் காய்ந்து கிடந்தது. இன்ஜினீயரின் படிக்கத்தில் ஈரம் இருந்தது. மலை உயரத்தில் எதுவும் சீக்கிரம் ஆவியாகும் என்று தலைவர் விளக்கினார். இன்ஸ்பெக்டரின் சொந்தப் படிக்கமும் ஆவியாகியிருந்தபடியால் அவருக்கு அது சட்டென்று விளங்கியது. கடைசியில் தண்டாயுதபாணியின் படிக்கத்தை அளந்தவர் முகம் மாறியது.

"கொடுத்ததைக் காட்டிலும் ரொம்பக் கூடுதலா கெடக்கே. லைசென்ஸ் இல்லாம மது உற்பத்தி, அதுவும் சர்க்கார் கட்டடத்துல."

"ஐயா, அது எச்சிலுங்க."

"அதை நீ சொல்லப்படாது. மெட்ராஸுக்கு அனுப்பிப் பரிசோதிக்கணும். பதில் வர ஆடி ஆகும். அதுவரைக்கும் நீ ரிமாண்டு."

தண்டாயுதபாணி மாலையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். தலைவர் இளகிப்போனார். தம் படிக்கத்தைப் பற்றியும் மெட்ராஸ் கேட்கக்கூடும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. நாலையும் ஒன்றாக ஊற்றி அளக்கச் சொன்னார். மூவருடைய குறைவும் ஒருவருடைய மிகுதியும் சொட்டுப் பிசகாமல் சரிக்கட்டின. கைகுலுக்கல் நடந்தது. சர்க்கார் சொத்தைக் கொட்ட யாருக்கும் அதிகாரமில்லை என்பதால், அதைப் பாட்டிலில் அடைத்து அரக்கு வைத்து அலமாரியில் ஏற்றினார்கள்.

உத்திரத்துக்கு முந்தின நாள் மாளிகைத் திறப்பு விழா. தண்டாயுதபாணி பழனி போக வத்தலக்குண்டு பஸ்ஸுக்காகப் பையோடு நின்றார். உள்ளே வெள்ளைக்காரர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் கூடியிருந்தார்கள். இதயம் பலவீனம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நம்மவருக்கும் பெர்மிட் உண்டு. அந்த வருஷம் கொடைக்கானலில் இதயம் பலமான பணக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் எது என்று முடிவாகாமல் இரண்டுக்குமே ஆர்டர் போயிருந்த ஒயின் இன்னும் வந்து சேரவில்லை. இருந்தது அரக்கு வைத்த பாட்டில் மட்டும்.

தாண்டிக்குடி காபி எஸ்டேட் முதலாளி நல்லுசாமி, பாரிஸிலிருந்து புதிதாகத் திரும்பியவர், தட்டைத் தொப்பி சரிய ஒரு மிடறு உறிஞ்சினார்.

"போர்தோவோட கட்டும் இருக்கு, பரோலோவோட மணமும் இருக்கு. அதுக்கும் மேல ஒரு உயிர் இருக்குங்க" என்றார்.

வெள்ளைக்காரர்கள் உறிஞ்சிவிட்டுத் தலையாட்டினார்கள். எல்லாம் தெரிந்த தலைவரும், ரசனையில் பின்தங்கியவர் என்று பெயர் வாங்கப் பயந்து, தம் கிளாஸை நீட்டினார். உயிர் இருப்பது அவருக்கும் தெரிந்தது. பாட்டில் தீர்ந்து, இன்னொன்று கேட்டார்கள்.

தலைவர் பஸ் நிறுத்தத்துக்கே ஓடி வந்தார். "லீவு கெடக்கட்டும், வெரசா உள்ள வாரும். ரெண்டு ஒயினும் இப்பத்தான் வந்து எறங்கிச்சு, படிக்கம் காத்திருக்கு."

"ஐயா, நாளைக்குக் காவடிங்க. புள்ளைக்கு வேண்டிக்கிட்டது."

"வேண்டுதலை யாரும் தடுக்கலையே. விரதத்தை விட்டுராதேயும். ருசியே அதுலதான் இருக்கு."

பழனியில் மற்றவர்களின் காவடிகள் மலையேறின. மறு வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷம் தண்டாயுதபாணிக்கு ஒரு யோசனை தோன்றியது. தப்பிக்க வேறு வழி தெரியாமல், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வயிறு முட்டக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படிக்கத்தின் முன் உட்கார்ந்தார்.

அன்று மாலை நல்லுசாமி முதல் மிடற்றிலேயே முகம் சுளித்தார். இது அந்தப் பழைய சரக்கு இல்லை என்றார். இன்ஸ்பெக்டர் குழந்தைவேல் நேரே வந்து குமாஸ்தாவை வாயை ஊதச் சொன்னார். ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, சர்க்கார் ஒயினில் கலப்படம் செய்த குற்றத்துக்கு என்ன தண்டனை என்று நிதானமாக விளக்கினார். பிறகு மேஜைமேல் கிடந்த மாலையை எடுத்து, தம் கையாலேயே அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.