பத்துக்குப் பத்து எடுத்த மச்சானுக்கு

சாய்ந்தமருது,
2009.10.11

கட்டாரில் குளிரூட்டிய அறையில் வாழும் மச்சான் ஸாஜித் அறிய,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கூடப்பிறந்த மூத்தவள், உன் ராத்தாவின் கணவன் ஆதம்பாவா எழுதிக்கொள்வது. நீ சுகமா என்று கேட்கவில்லை. நீ எப்போதும் சுகமாகத்தான் இருக்கிறாய். போனில் கதைக்கலாம், ஆனால் உன் ராத்தா ஹிமாயா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்பாள். இதிலுள்ள விஷயம் அவள் கேட்கக்கூடியதல்ல. முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை எதுவும் கிடையாது.

மகனுக்கு இப்போது பதினான்கு மாதம். பிறந்ததிலிருந்து சளி, காய்ச்சல், வாய்ப்புண், வயிற்றோட்டம், ஒன்று போனால் ஒன்று. கொழும்பில் டொக்டர் பூபாலசிங்கம், "நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரரா?" என்று ஆரம்பத்திலேயே கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "இல்ல டொக்டர். இவ வேற குடி, நான் வேற குடி. எங்கட ஊரில குடி உம்மா வழியாலதான் வரும். ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்க மாட்டம்" என்றேன். மனுசன் அதை நம்பி, மூன்று மாதம் வேறு வேறு நோயெல்லாம் தேடினார். பிறகு உன் வாப்பா, என் மாமா மீராமுகைதீன், மகனைப் பார்க்க வந்தவர் சும்மா இருந்தாரா? "இவர் எனக்கு மருமகன் மட்டுமில்ல டொக்டர், என்ட கூடப்பொறந்த தங்கச்சி மைமூனாட மகன்" என்று பெருமையோடு என் முதுகில் தட்டினார். டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நீங்க என்ன வேல செய்றீங்க?" என்றார். தரம் பதினொன்றுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான், பட்டாணிச் செடியைக் கீறிக் கீறிப் பரம்பரை விளங்கப்படுத்துகிறவன். "வியாபாரம்" என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டுக்கு இரத்தம் அனுப்பி முடிவு வந்தது. இரத்தத்தில் காவல் காக்கிற வெள்ளை அணுக்களை வளர்த்து ஆளாக்குகிற பரம்பரையலகு ஒன்று, டொக்டர் ஜீன் என்கிறார், அது மகனுக்குப் பழுது. நாட்டில் யுத்தம் முடிந்து கல்முனை ரோட்டில் சோதனைச்சாவடிகளைக் கழற்றுகிறார்கள். மகனின் உடம்பில் முதலிலிருந்தே ஒரு சாவடியும் இல்லை, வருகிற கிருமியெல்லாம் அடையாள அட்டை காட்டாமலே உள்ளே போகிறது. அந்த அலகு ஆளுக்கு இரண்டு பிரதி, மகனுக்கு இரண்டும் பழுது. ஒன்று ஹிமாயா கொடுத்தது, மற்றது நான் கொடுத்தது. மாமாவும் என் உம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா, இரண்டு வழியாலும் இறங்கி வந்து சேர்ந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை கவலைக்குள்ளும் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம். வீடு உன் ராத்தாவின் சீதன வீடு. பிள்ளை உங்கள் குடி. மூக்கு அச்சொட்டாக உன் மூக்கு. நான் கொடுத்தது என்று இந்த ஒன்றாவது இருக்கிறதே!

அதையும் நீ விட்டுவைக்கவில்லை. வேறொருவரின் எலும்புக்குள் இருக்கிற மச்சையை ஏற்றினால் புதுக் காவல் அணுக்கள் வளரும், இல்லாவிட்டால் பிள்ளை இரண்டு வயதைக் காண்பது கஷ்டம் என்றார் டொக்டர். குடும்பமே கை நீட்டி இரத்தம் கொடுத்தது, நீயும் தோஹாவில் கொடுத்தாய். பொருத்தம் பார்ப்பது பத்துப் புள்ளிக்கு. ஹிமாயா ஐந்து. நான் ஐந்து. நீ பத்து! ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானத்துக்கு நீ எடுத்தது இருபத்திரண்டு, திருத்தியவன் நான்தான். பெத்த வாப்பா அஞ்சு, மாமன் பத்து. இது என்ன ஞாயம் மச்சான்?

சுனாமியண்டு என்னைத் தண்ணிக்குள்ள இருந்து இழுத்துப் பள்ளிவாசல் மொட்டைமாடியில போட்டதும் நீதான். அஞ்சு வருசமா எந்தக் கலியாண வீட்டிலயும் ஆறு பேர் சுத்திக் குந்தித் தின்னுற சஹனில சோறு வச்ச உடனே அந்தக் கதைதான், இடுப்பில கட்டின சாரன் இல்லாமல் தூக்கினது எண்டதையும் ஒருத்தரும் விடுறாங்க இல்ல. இப்ப என்ட மகனையும் நீயே காப்பாத்தினா நான் எந்தச் சஹனில போய்க் குந்துறது? ஒரு குடும்பத்தில ஒரே ஆள் எத்தனை பேரைத்தான் காப்பாத்துவான்? மத்தவனுக்கும் ஒண்டு மிச்சம் வைக்கப்படாதா? சுவரில மாட்டியிருக்கிற உன்ட போட்டோவைக் காட்டிப் புள்ள "வாப்பா" எண்டுறான். ஒவ்வொரு தரமும் "மாமா" எண்டு திருத்துறன். சிரிச்சிட்டுத் திரும்பவும் அதையே சொல்றான். "சின்னப் புள்ளயோட என்ன வழக்கு உங்களுக்கு?" எண்டு உன் ராத்தா என்னைத்தான் ஏசுறா.

ஆகவே, என் இரத்தத்தை மறுபடியும் சோதிக்கக் கொடுத்திருக்கிறேன். ஆய்வுகூடத்தில் பிழை நடக்காதா? நானே எத்தனை விடைத்தாளில் கூட்டல் பிழை விட்டிருக்கிறேன். அந்த முடிவு வரும்வரை நீ லீவு கேட்க வேண்டாம். அவசரம் ஒன்றுமில்லை.

உன் தொழிலிலும் தேகத்திலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. உன் எலும்புகள் எல்லாம் உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பொறாமை இல்லாத மச்சான்,
ஆதம்பாவா

பி.கு: மேலே உள்ளதை எழுதி நாலு நாளாச்சு. என்ட முடிவு வந்தது, திரும்பவும் அஞ்சுதான். நேத்துப் புள்ளைக்குக் காய்ச்சல் நூற்றி நாலு. ஹிமாயா தொழுத பாயிலேயே கிடக்கா. நான் வெட்கத்தை விட்டு உனக்குப் போன் எடுத்தன். வாயைத் திறக்க முன்னமே, "டிக்கெட் எடுத்தாச்சு மச்சான், வியாழக்கிழமை வாறன்" எண்டாய். என்னைக் கேட்கவும் விடல்ல, அதிலயும் முந்திட்டாய். ஓம், பொறாமைதான். நல்லாப் பொறாமை. இந்தக் கடிதத்தைத் தபாலில போடல்ல, எயார்போட்டில நானே கையில தருவன், எனக்கு முன்னால படிக்காத. உன்ட மச்சை ஏறினா புள்ளட ரத்த வகையும் உன்ட வகையா மாறுமாம். மாறட்டும். உன்ட போட்டோவைக் காட்டி வாப்பா எண்டு சொன்னா இனி நான் திருத்த மாட்டன். சொல்றதுக்கு அவன் இரிக்கணும். வா மச்சான்.