வேலிக்கு வெளியே ஓடுகிறவர்

ஓட்டப் பந்தயத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. சரி, பிறந்திருக்கலாம். நான் ஓடியதெல்லாம் பால் பொங்கும்போது அடுப்பை நோக்கித்தான். அதிலும் எப்போதும் பால்தான் ஜெயித்திருக்கிறது. ஆனால் ஓடுகிறவர்களை விட்டுவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஈடு கிடையாது. அதில் மட்டும் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை.

அந்த இனத்துக்கு 'வேலியோர வீரர்' என்று பெயர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் ஓடும் மைதானம் எங்கே இருக்கிறதோ அங்கே, இதற்குமேல் வராதீர்கள் என்று போட்ட கோட்டுக்கு அரை அடி உள்ளே, இரண்டு கையாலும் கம்பியைக் கோத்துப் பிடித்து, முகத்தை வலையில் அழுத்தி, மூக்கின்மேல் சதுரம் சதுரமாகத் தடம் விழ நின்றுகொண்டிருப்பார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதும் அதிகாரத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. காலில் ஓட்டக்காரர்கள் போடும் ஷூ இருக்கும். அது மட்டும் தேயவே தேயாது.

நான் சொல்லப்போகும் வீரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மனிதர்கள் ஒரு படிகூட ஏறாமல் மேலே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே உழைக்கிறவர். தன் வீட்டு லிஃப்ட் நின்றுவிட்டால், இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் பாதியில் நின்று, ஃபோனில் ஏதோ முக்கியமாகப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தின் அந்தரங்கம் முழுக்க அத்துப்படி. எப்படி என்கிறீர்களா? மகள் ஓடுகிறாள். போதாதா?

ஆனால் அவர் பேச்சில் மகள் வரமாட்டாள். 'நாம' தான் வரும். "நாம விடியறதுக்கு முன்னாடியே பத்து சுத்து ஓடிடுறோம்" என்பார். அந்தப் பத்துச் சுற்றும் முடியும்வரை அவர் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். "நாம இனிப்பைத் தொடுறதே இல்ல" என்பார்; சட்டைப் பைக்குள் மிட்டாய்த் தாள் சரசரக்கும். ஒருமுறை பிசியோதெரபி செய்யும் அம்மாளிடம் மகளைக் கூட்டிப்போய், "நமக்கு ஒரு வாரமா கணுக்கால்ல வலி மேடம்" என்றார். அந்த அம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்குமா? அப்ப ரெண்டு டோக்கன் வாங்கிட்டு வாங்க" என்றார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. "நாம ஜெயிச்சோம்" என்பார். "அவ தோத்துட்டா" என்பார். வெற்றிக்குப் பன்மை, தோல்விக்கு ஒருமை. நம் இலக்கணம் வேறு யாருக்கும் இவ்வளவு வளைந்துகொடுத்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு வயதில் அந்தப் பெண் உண்மையிலேயே காற்றுதான். துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போவாள், கடைசிவரை முன்னாலேயே இருப்பாள், இரண்டாவதாக வருகிறவள் வந்து சேருவதற்குள் தண்ணீர் குடித்து வாயையும் துடைத்திருப்பாள். கூடத்து அலமாரியில் கோப்பைகள் வந்து புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் துரத்தின. பன்னிரண்டிலேயே இப்படி என்றால் பதினாறில் எப்படி, இருபதில் எந்தக் கொடி எங்கே பறக்கும் என்று வீரர் அப்போதே கணக்குப் போட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா? பொத்தானை அழுத்தினால் மாடி மாடியாக மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் அவரைப் பொறுத்தவரை அது பழுது.

பிள்ளைகளின் உடம்பில் ஏது பொத்தான்? பதினாலில் உயரம் கூடியது, எடை கூடியது, கையும் காலும் ஒன்றையொன்று புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. போதாததற்கு மற்ற பெண்களும் வளர்ந்து தொலைத்தார்கள். முன்னால் ஓடுகிறவள் எதிர்க்காற்றை முகத்தில் வாங்கி, பின்னால் வருகிறவர்களுக்குக் குடை பிடிக்கிறவள் ஆகிவிட்டாள். அந்தக் குடைக்குள் சொகுசாக வந்தவர்கள் கடைசி அரைச் சுற்றில் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"இனிமே வேகம் மட்டும் பத்தாது சார்" என்றார் பயிற்சியாளர். "எவ்வளவு நேரம் காத்திருக்கணும், எப்போ கிளம்பணும்னு அவளே கத்துக்கணும். கொஞ்ச நாள் தோக்கட்டும்."

வீரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "தோக்கட்டுமாம். இதுக்கா இந்த ஆளுக்கு ஃபீஸ் கட்டுறோம்?" என்றார்.

எப்போது கிளம்புவது என்று மகள் கற்றுக்கொள்ளும்வரை காத்திருப்பானேன், தானே சொல்லிவிட்டால் ஆயிற்று என்று முடிவு செய்தார். அதற்கு ஒரு ரகசிய உத்தி. கடைசிச் சுற்றுக்கான மணி அடித்ததும் அடிவயிற்றிலிருந்து "இப்போ!" என்று கத்துவார். ரகசியம் என்றேன் இல்லையா, மைதானத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். மகள் உடனே பாய்வாள். ஒரு முழுச் சுற்றும் பாய யாரால் முடியும்? பாதியில் கால் கனத்துப்போகும். ஆனால் பாயாவிட்டால், வீடு போய்ச் சேரும்வரை ஸ்கூட்டர் என்ஜின் மட்டும்தான் பேசும். அதற்குக் கால் கனப்பதே மேல்.

அப்படித்தான் ஒரு போட்டியில் ஐந்தாவதாக வந்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா துண்டோடு பக்கத்தில் நின்றார். முதலாவதாக வந்திருந்த பச்சை பனியன்காரி, நல்ல பெண், மெல்ல அருகே வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. எங்க மாஸ்டர் உன்னைப் பாக்கவே வேணாங்குறார். உங்கப்பாவைக் காது குடுத்துக் கேட்டாப் போதுமாம். அவர் 'இப்போ'ன்னா நீ கிளம்புவ. அதனால நாங்களும் ரெடியா இருப்போம்."

மகள் சிரித்தாள். பிறகு அழுதாள். அம்மா துண்டை நீட்டினார். வீரரிடம் இருவரும் இதைச் சொல்லவில்லை.

அடுத்து வந்தது தேர்வுப் போட்டி. முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் வேறு ஊரில் உள்ள பயிற்சி முகாமில் தங்கி ஓடலாம், படிப்பும் அங்கேயே. வீரருக்கு அது கொடி பறக்கும் மொட்டை மாடிக்கு நேராகப் போகும் லிஃப்ட். மகளுக்கும் அந்த இடம் வேண்டும்; காரணம்தான் வேறு. அந்த முகாமில் பெற்றோர் வாசல் கேட்டைத் தாண்டக் கூடாது. கேட்டிலிருந்து மைதானம் வெகு தூரம், யார் கத்தினாலும் கேட்காது. இதை அவள் விசாரித்து வைத்திருந்தாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னாள்: "எப்படியாவது அங்க போயிடணும்மா. ஓடும்போது ஒரு தடவையாவது என் மூச்சு சத்தம் எனக்குக் கேக்கணும்."

போட்டியன்று காலை அவள் வாந்தி எடுத்தாள். "நமக்குப் பதட்டம்" என்று வீரர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அறிவித்தார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள், "அப்பா, இன்னைக்கும் எப்பவும் போலவே கத்துங்க" என்றாள். "மணி அடிச்சதும். நல்லாச் சத்தமா."

வீரருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் தானாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. தொண்டைக்கு இரண்டு தம்ளர் வெந்நீர் குடித்தார். அம்மா மட்டும் மகளின் முகத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

மகள் ஓடுவதைப் பார்க்கும் தெம்பு அம்மாவுக்குக் கிடையாது. வேலிக்கு முதுகைக் காட்டி, பையை மடியில் வைத்து, தரையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கணவரின் இலக்கணத்தைக் கேட்டாலே பந்தயம் எந்த நிலவரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

துப்பாக்கி வெடித்தது.

"நாம அஞ்சாவதா இருக்கோம். பரவால்ல, பாத்துக்கலாம்." நலம். "அடடா, நாம உள்பக்கம் மாட்டிக்கிட்டோமே. வெளிய வா, வெளிய வா. ம், வந்துட்டோம்." நலமே. "நாம கொஞ்சம் தூங்குறோம்." கவலைக்கிடமில்லை. மணி அடித்தது. வீரர் கம்பியைப் பிடித்து எம்பி, குடித்த வெந்நீருக்கு வஞ்சனை இல்லாமல் கத்தினார்.

"இப்போ!"

பச்சை பனியன் பாய்ந்தது. மஞ்சள் பாய்ந்தது. இரண்டு நீலங்கள், எதற்கு என்று யோசிக்காமல், தீப்பிடித்த வீட்டைவிட்டு ஓடுவதுபோல ஓடின. பாய வேண்டியவள் மட்டும் பாயவில்லை.

"இப்போ! ஏய், இப்போ..." வேலி அதிர்ந்தது. "அவ கேக்கல. பாரேன், அவ கேக்கவே இல்ல. அவளுக்கு எப்பவுமே திமிரு."

'நாம' போய் 'அவ' வந்துவிட்டது.

"அவ கடைசி. முடிஞ்சு போச்சு. உன் பொண்ணு இருக்காளே, உன் பொண்ணு..."

'உன்' என்பதை இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை என்பார்கள். வீட்டில் அதற்கு வெறும் வேற்றுமை என்றே பெயர். அம்மா பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வேலியோரத்தில் சத்தமே இல்லை. அந்த மனிதரிடமிருந்து அப்படியொரு மௌனத்தை அம்மா கேட்டதில்லை.

"அவ..." என்றார் வீரர், இழுத்து. "அவ நீலத்தைத் தாண்டிட்டா." ஒரு மூச்சு. "ரெண்டு நீலத்தையும். நம்ம பொண்ணு... மஞ்சளுக்குக் கால் வரல. நாம... நாம..."

அம்மா திரும்பிப் பார்த்தார். மஞ்சள் பனியன் சேற்றில் நடப்பதுபோல வந்துகொண்டிருந்தது. மகள் அதை வெளிப்பக்கமாகச் சுற்றி, அவசரமே இல்லாதவள்போலத் தாண்டினாள். பச்சை பனியன் மட்டும் ஒரு கை தூரம் முந்திக்கொண்டு கோட்டில் விழுந்தது. மகள் இரண்டாவது.

விழுந்தவள் படுத்தபடியே மகளின் கணுக்காலைப் பிடித்தாள். "பாவி. உயிரே போச்சுடி எனக்கு. உங்கப்பா கத்தினாரே, நீ ஏன் கிளம்பல?"

"அவர் உங்களுக்குத்தான் கத்தினார்" என்றாள் மகள்.

வீரர் அதற்குள் ஓடி வந்துவிட்டார். காதில் விழுந்ததா? விழுந்தது. ஆனால் இந்த இனத்தின் காதுக்கு ஒரு தனித்திறமை உண்டு. கசப்பானதை உள்ளே விடும்போதே சர்க்கரை தடவிவிடும். மறுநாளிலிருந்து, மாடிகளுக்கு நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எல்லாம் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "மத்தவங்களைக் கிளப்பிவிடுறதுக்குன்னே நாம ஒரு திட்டம் வச்சிருந்தோம் சார்." சொல்லி முடித்த பிறகுதான் கதவைத் திறந்தார். அவர் ஆயுசில் சொன்ன 'நாம'க்களில் உண்மையானது அது ஒன்றுதான். அதுவும் அவருக்குத் தெரியாமல் உண்மையானது.

முகாமில் கொண்டுபோய் விடும் நாளும் வந்தது. காவலாளி பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, பின்னால் நுழையப் பார்த்த வீரருக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"நீங்க இங்கயே நின்னுக்கணும் சார்."

வீரர் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மைதானத்தில் ஓடுகிறவர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

"இங்க நாம எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க அஞ்சு மணிக்கு" என்றார் காவலாளி. "நீங்க தூங்கலாம் சார்."

மகள் திரும்பி வந்து, கம்பியைப் பிடித்திருந்த விரல்கள்மேல் ஒருகணம் கையை வைத்தாள். "போயிட்டு வர்றேன்பா" என்றாள். பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வருஷம் பக்கத்து வீட்டில் போய், "நமக்குக் கணக்குல தொண்ணூறு" என்று சொன்னது யார்? பையன் நேர்காணலில் கோட்டைவிட்டு வந்த அன்று, "அவன் போய் உளறிட்டு வந்திருக்கான்" என்றது யார்? இன்று சாப்பிடும்போது உங்கள் வாயிலிருந்து எத்தனை 'நாம' விழுகிறது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எண்ணத் தேவையில்லை, அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அந்தக் கேட்டோடு நம் வீரர் அடங்கிப்போனார், ஒரு மாதம் யாருக்கும் எந்த யோசனையும் சொல்லவில்லை என்று எழுதி முடித்து, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு மாசமா? பஸ் ஸ்டாப் வரைக்கும்தான். அங்க ஒரு பெரியவர் கையில பையோட பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இவரும் பக்கத்துலயே ஓடிக்கிட்டு, 'தோளை இறக்குங்க சார், தோளை இறக்குங்க'ன்னார்."

"பிடிச்சாரா?"

"அவர் பிடிச்சு ஏறிப் போயிட்டார். இவர்தான் மூச்சு வாங்கிக்கிட்டே திரும்பி வந்து, 'நாம பிடிச்சிட்டோம்'னு சொன்னார்."